30,000 ரூபாய்க்கு முதல் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு

கையில் 30,000 ரூபாய் இருந்தது, அதற்குள் உருப்படியான ஒரு கேமரா வேண்டும். கூட வந்து பார்த்துச் சொல்ல, விவரம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில் நல்ல கேமராதான் அமைந்தது. ஆனால் பேசி முடித்த விலைக்கு மேல் ஏழாயிரத்துச் சொச்சம் செலவானது. அதில் பாதி, யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். காசு போனதுகூடப் பரவாயில்லை, கவுண்டரில் நின்றுகொண்டு என்ன கேட்பது, எதைச் சோதிப்பது என்று தெரியாமல் நிற்பது இருக்கிறதே, அந்த அவஸ்தை யாருக்கும் வேண்டாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 30,000 ரூபாய் என்பது பாடிக்கான (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கான) பட்ஜெட் இல்லை, படம் எடுக்கத் தேவையான அத்தனைக்கும் சேர்த்துத்தான். நான் விசாரித்த விலைகளை வைத்துச் சொன்னால், செகண்ட் ஹேண்ட் பாடியும், அதோடு சேர்ந்தே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸும் சேர்ந்து 19,000 முதல் 21,000 வரை. வெளிச்சம் குறைந்த இடத்துக்கு ஒரு 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் சிறியதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்), பழையதாக 6,000 அளவில். மீதியில் மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, காற்றடிக்கும் ரப்பர் புளோவர், ஈரம் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். இவை போக 2,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். பழைய கேமரா வாங்கினால், வெளிச்சத்தைப் படமாகப் பதிவு செய்யும் சென்சாரைச் சுத்தம் செய்வதற்கோ வேறு சில்லறை வேலைக்கோ அது கட்டாயம் தேவைப்படும். மொத்தப் பணத்தையும் பாடியில் போட்டுவிட்டு, வெறும் கிட் லென்ஸோடு ஒரு வருடம் ஓட்டியவர்கள்தான் ‘என் ஃபோனே இதைவிட நல்லா எடுக்குது’ என்று சலித்துக்கொண்டு கேமராவை விற்கிறார்கள்.

கடையில் இந்தப் பட்ஜெட்டைச் சொன்னதும் முதலில் எடுத்து நீட்டுவது, 40 மடங்கு 50 மடங்கு ஜூம் உள்ள, லென்ஸ் கழற்ற முடியாத கேமராவைத்தான். புதுசு, வாரண்டி உண்டு, நிலாவையே எடுக்கலாம் என்பார்கள். நிலாவை எடுக்கலாம், உண்மைதான். ஆனால் அதற்குள் இருக்கும் சென்சார் பெரும்பாலும் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. மட்டுமே. நிகானின் சாதாரண டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா) இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ. பரப்பளவில் சுமார் 13 மடங்கு பெரியது. சாயங்காலம் ஆறரைக்கு மேல், வீட்டுக்குள், கோயில் பிரகாரத்தில் எடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். சின்ன சென்சாரில் முகமெல்லாம் பொரிப்பொரியாக நிற்கும். மெகாபிக்சல் எண்ணைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். 24 மெகாபிக்சல் என்றால் படம் 6000-க்கு 4000 புள்ளிகள், 20 அங்குல அகலத்துக்குக் குறையில்லாமல் பிரிண்ட் போடலாம். அதற்கு மேல் நம்மில் யாருக்கு வேண்டும்?

நல்ல ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் இந்த விலைக்கு இறங்கி வந்ததற்குக் காரணம், கேனானும் நிகானும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டதுதான். அதற்காக, நேற்று நல்ல படம் எடுத்த கேமரா இன்றைக்கு மோசமாகிவிடாது. லென்ஸ்களும் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. நிகானில் டி3300, டி5300, டி5600, கேனானில் 200டி, 1500டி, இந்த வட்டத்துக்குள் தேடினால் போதும். என் ஓட்டு டி5300-க்கு. 2013-ல் வந்தது, 24 மெகாபிக்சல், திருப்பி மடக்கும் திரை, வெளி மைக் சொருக வழியும் உண்டு. வீடியோதான் முக்கியம் என்றால் கேனான் 200டி நல்லது. திரையைப் பார்த்து எடுக்கும்போது அதன் ஆட்டோஃபோகஸ் நிகானைவிடப் பல மடங்கு வேகம். 1500டி-யில் மைக் சொருகும் துளையே கிடையாது. நிகான் டி3300-இல் இருந்த மைக் துளையை டி3400-இல் எடுத்துவிட்டார்கள். நம்பர் கூடினால் வசதியும் கூடும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். கேனான் 3000டி-யை விலை குறைவு என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைக் கண் பவருக்கு ஏற்பத் திருகும் வசதி இல்லை, மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுப் பின் இல்லாததால் சாதாரண மேனுவல் ஃபிளாஷும், தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் ட்ரிக்கரும் வேலை செய்யாது. 200டி மார்க் 2-விலும் அந்த நடுப் பின்னை எடுத்துவிட்டார்கள், மற்றபடி அது நல்ல கேமரா.

நிகான் எடுப்பவர்களுக்கு இரண்டு கண்ணிகள் உண்டு, இரண்டும் லென்ஸில்தான். டி3000 வரிசை, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே லென்ஸின் மேல் ‘ஏஎஃப்-எஸ்’ என்றோ ‘ஏஎஃப்-பி’ என்றோ எழுதியிருக்க வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.8டி என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், கடைக்காரரும் ‘சூப்பர் லென்ஸ் சார்’ என்பார். லென்ஸில் குறையில்லை, ஆனால் இந்தப் பாடிகளில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருக வேண்டும். இரண்டாவது கண்ணி இதற்கு நேர்மாறு. ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3100, டி3200, டி5100 மாதிரி பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. கையால்கூட முடியாது, ஏனென்றால் அந்த லென்ஸின் ஃபோகஸ் வளையமே மின்சாரத்தில் ஓடுவது. டி3300, டி5300-இல் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் போட்டால் ஓடும். மிரர்லெஸ்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பழைய சோனி ஏ6000 கிடைக்கும், அதிலும் மைக் துளை இல்லை. கேனான் எம்50 வீடியோக்காரர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் அது மாட்டும் இஎஃப்-எம் வகை லென்ஸ் வரிசையைக் கேனான் கைவிட்டுவிட்டது, அந்தப் பாடியில் 4கே வீடியோவுக்குப் போனால் காட்சியும் ஓரங்களில் வெட்டுப்படும், ஆட்டோஃபோகஸும் மந்தமாகும்.

இனி பழைய பாடியைப் பார்க்கும் விதம். சந்தைக்கு வருவதில் நல்ல பங்கு கல்யாண வேலைக்கு ஓடிய கேமராக்கள். ஒரே முகூர்த்தத்தில் ஆயிரம் இரண்டாயிரம் கிளிக் அடித்திருப்பார்கள். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் பெயிண்ட் போய் வெள்ளி தெரிவது, அடியில் ட்ரைபாட் திருகைச் சுற்றி வட்டக் கீறல், கைப்பிடி ரப்பர் உப்பி ஓரம் தூக்கி நிற்பது, இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அது நன்றாக உழைத்த பாடி. உழைத்ததை வாங்கக் கூடாது என்றில்லை, ஆனால் விலை அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை அடித்த கிளிக், எவ்வளவு என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே நம்பாமல் நீங்களே பாருங்கள். நிகானில் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண் பதிவாகிறது. புதிதாக ஒரு படம் எடுத்து, எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் தெரிந்துவிடும். வீட்டிலிருந்தே விசாரிப்பதானால், படத்தை வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், அந்த விவரமெல்லாம் அழிந்துதான் வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேனானின் இந்த விலை மாடல்களில் எண் படத்துக்குள் இருக்காது, கேபிள் போட்டு மென்பொருளால் பார்க்க வேண்டும், அதுவும் எல்லா மாடலிலும் முடியாது. ஃபைல் பெயரில் உள்ள எண்ணைக் காட்டி ‘நாலாயிரம்தான் சார் ஓடியிருக்கு’ என்று சொன்னால் ஏற்காதீர்கள். அது 9999 ஆனதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், நாமே மாற்றவும் முடியும். இந்த வகைப் பாடிகளின் ஷட்டருக்கு ஒரு லட்சம் கிளிக் என்பது பொதுவான கணக்கு. 30,000-க்குள் இருந்தால் நிம்மதியாக எடுக்கலாம், 60,000 தாண்டியிருந்தால் விலையை நன்றாக அடித்துப் பேசலாம்.

லென்ஸுக்கு வருவோம், என் காசு போனது இங்கேதான். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணாடி பளபளவென்று இருக்கும். லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்துவிட்டு, ஃபோனின் டார்ச்சைப் பின்பக்கம் சற்றுச் சாய்வாகப் பிடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராகப் பிடித்தால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது. டார்ச்சை மெதுவாக ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். தூசி, புள்ளி புள்ளியாகத் தெரியும், நாலைந்து இருந்தால் படத்தில் ஒன்றும் ஆகாது. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, அப்படி இல்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து கிளம்பி, சிலந்தி நூல்போல மெலிசாக, கிளை பிரிந்து உள்ளே போகும். சில சமயம் நூல் தெரியாமல் மொத்தக் கண்ணாடியும் ஆவி படிந்தாற்போல் மங்கலாக இருக்கும், அதையும் விடாதீர்கள். நிகான் லென்ஸைக் கழற்றியதும் வெளிச்சம் புகும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அதன் அப்பர்ச்சர் இதழ்கள் தாமாக மூடிக்கொள்ளும், உள்ளே பாதிதான் தெரியும். பின்பக்கம் வளையத்துக்குள் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன உலோக நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் முழுக்கத் திறக்கும், அந்த நிலையில் பார்க்க வேண்டும். கேனானில் தானாகவே திறந்திருக்கும். எனக்கு விற்ற 35 மி.மீ. லென்ஸில் ஃபங்கஸ் இந்த இதழ்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தது. கடையில் கேட்டபோது ‘அது தூசி சார், எல்லா லென்ஸ்லயும் இருக்கும்’ என்று அடித்துச் சொன்னார்கள். பிரித்துச் சுத்தம் செய்ய 1,800 ரூபாய் ஆனது, சுத்தம் செய்த பின்னும் கோட்டிங்கில் தழும்பு அப்படியே நிற்கிறது. இன்றைக்கும் எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் படம் வெளிறுகிறது, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கிட் லென்ஸில் ஃபங்கஸ் இருந்தால் சுத்தம் செய்யும் எண்ணமே வேண்டாம். அதன் பழைய விலையே சுத்தம் செய்யும் கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம், வேறு லென்ஸ் கேளுங்கள்.

18-55 லென்ஸில் இன்னொரு வியாதி உண்டு. ஜூம் செய்யும்போது உள்ளே ஒரு மெல்லிய ரிப்பன் கேபிள் மடங்கி மடங்கி நீள்கிறது, அது நாளடைவில் விண்டுபோகும். கடையில் 18-இல் வைத்து நாலு படம் எடுத்தால் எல்லாம் சரியாகவே வரும். மோடை, எஃப் எண்ணை நாமே வைக்கும் ‘ஏ’ (நிகான்) அல்லது ‘ஏவி’யில் (கேனான்) வைத்து, எஃப் 11 போட்டு, 18, 24, 35, 55 என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டிரண்டு படம் எடுங்கள். கேபிள் போயிருந்தால் ஏதாவது ஓர் இடத்தில் கேனான் ‘எர்ரர் 01’ காட்டும். லென்ஸின் உலோகத் தொடுமுனைகளைத் துடைத்தும் அது திரும்ப வந்தால் லென்ஸ் போனதுதான். ஜூம் வளையம் மணல் அரைபடுகிற மாதிரி நறநறத்தால் அது கடற்கரைக்குப் போய் வந்த லென்ஸ்.

பாடிக்குள் பார்க்க வேண்டியது சென்சாரை. எஃப் 22, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, வெளியே வந்து வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்தினால் தூசி சாம்பல் நிறத் திட்டுகளாகத் தெரியும். அது சுத்தம் செய்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். கூர்மையான கோடு தெரிந்து, புளோவர் அடித்த பின்னும் அதே இடத்தில் நின்றால் சென்சாரின் மேல் கண்ணாடியில் கீறல், அந்தப் பாடி வேண்டாம். அடுத்து ஷட்டர் வேகம் 1/4000 வைத்து, கண்ணைப் பறிக்கும் வானத்தை எடுங்கள். படத்தின் ஓர் ஓரம் மட்டும் பட்டையாகக் கருத்திருந்தால் ஷட்டர் திரை தளர்ந்துவிட்டது. பிறகு ஆட்டோஃபோகஸ். ஒரு நாளிதழை மேசையில் விரித்து, 45 டிகிரி சாய்வில் நின்று, எஃப் 1.8 லென்ஸில் ஒரு வரியைக் குறிவைத்து வியூஃபைண்டர் வழியாக ஒரு படம், திரையைப் பார்த்து லைவ் வியூவில் ஒரு படம். லைவ் வியூவில் குறிவைத்த வரி தெளிவாக வந்து, வியூஃபைண்டரில் எடுத்ததில் அதற்கு முன்வரியோ பின்வரியோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தள்ளி விழுகிறது. விலை உயர்ந்த பாடிகளில் இதை மெனுவிலேயே சரிசெய்யலாம். நாம் பேசுகிற மாடல்களில் அந்த வசதி கிடையாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும். ‘இவ்வளவு நேரமெல்லாம் பார்க்க முடியாது’ என்கிற கடையில் வாங்காதீர்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் சரி, உங்கள் ஊர் ஸ்டூடியோவானாலும் சரி.

பாடியின் நெற்றியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் 1500டி என்று விற்பதுதான் ஐரோப்பாவில் 2000டி, அமெரிக்காவில் ரெபெல் டி7. 200டி அமெரிக்காவில் ரெபெல் எஸ்எல்2, ஜப்பானில் கிஸ் எக்ஸ்9. ‘ரெபெல்’ என்றோ ‘கிஸ்’ என்றோ இருந்தால் அது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு, இங்கே கம்பெனி வாரண்டியை எதிர்பார்க்க முடியாது. கேமரா வேலை செய்வதில் குறை இல்லை, ஆனால் இந்திய மாடலின் விலையைக் கொடுக்கக் கூடாது. ஜப்பான் உள்நாட்டுச் சோனிகளில் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். பில்லில் பாடியின் சீரியல் நம்பர், லென்ஸின் சீரியல் நம்பர் இரண்டும் ஏற வேண்டும். புதுசு என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த பில். ‘பில் வேண்டாம்னா இரண்டாயிரம் குறைக்கிறேன்’ என்றால் குறைவது உங்கள் வாரண்டி.

விலை பேசி முடித்ததும் பை, ட்ரைபாட், யுவி ஃபில்டர், கிளீனிங் கிட் என்று இலவசமாக அடுக்குவார்கள். மலிவு யுவி ஃபில்டர் போட்டு இரவில் தெருவிளக்கை எடுத்தால், படத்தில் பச்சைப் பச்சையாகப் போலி விளக்குகள் வரும். பிளாஸ்டிக் ட்ரைபாட் டிஎஸ்எல்ஆரின் எடையைத் தாங்காமல் தலை சாயும். இவை வேண்டாம், 500 ரூபாய் குறையுங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். மெமரி கார்டை மட்டும் அங்கே கொடுப்பதை நம்பி வாங்காதீர்கள், போலி அதிகம். 64 ஜிபி, வி30 குறி போட்ட யுஎச்எஸ்-1 கார்டு போதும். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைல், 24 மெகாபிக்சலில் சுமார் 25 எம்பி, இரண்டாயிரம் படத்துக்கு மேல் கொள்ளும். போலிக் கார்டு கம்ப்யூட்டரில் 64 ஜிபி என்றே காட்டும், உண்மையில் 8 ஜிபி தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றோடு போகும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராமில் முழுக்க எழுதி, திரும்பப் படிக்க விடுங்கள். லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் படுக்கவைத்துச் சுழற்றிப் பாருங்கள்; உப்பியது பம்பரம்போலச் சுற்றும், அது ஒருநாள் பாடிக்குள் சிக்கிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்தபின் கேமராவைப் பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டினால், சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் ஃபங்கஸை நாமே வளர்த்துவிடுவோம். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதில் 200 கிராம் நீலச் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, மொத்தம் 600 ரூபாய்க்குள் முடியும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் ரோஸ் நிறமானால் டப்பாவிலிருந்து எடுத்து, சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலியில் சிறு தீயில் நீலம் திரும்பும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள்.

கடையில் ஏழு நாளாவது செக்கிங் வாரண்டி கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்த நாட்களில் கேமராவைச் சும்மா வைக்காமல் வெயிலில், வீட்டுக்குள், இரவில் என்று தினமும் நூறு படமாவது எடுங்கள். தொடர்ந்து ஓடவிட்டு வீடியோவும் எடுங்கள். மண்டபத்திலோ கடையிலோ எல்இடி விளக்கின் கீழ் எடுக்கும்போது படத்தில் கருப்புப் பட்டைகள் படுக்கையாக ஓடினால் கேமரா பழுது என்று பதறித் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கேற்ப விளக்குத் துடிக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வைத்தால், வீடியோவுக்கு மெனுவில் ‘PAL’ என்ற முறைக்கு மாற்றி 25 ஃபிரேமில் எடுத்தால், பெரும்பாலும் அந்தப் பட்டை போய்விடும்.